கண்ணாடி அடுப்பும் அம்மாவின் தோசைக்கல்லும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. இங்கே டொராண்டோவில் ராத்திரி பத்தரை மணி, ஊர்ல திங்கட்கிழமை காலை எட்டு. அம்மா போன்.

"மக்களே, ஒண்ணும் பயப்படாதே கேட்டியா..."

அம்மா இப்படி ஆரம்பிச்சா எனக்கு அடிவயிறு கலங்கிடும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தப்பவும் முதல் வார்த்தை இதுதான்.

"நீ வாங்கித் தந்த அடுப்பு பொட்டிப் போச்சு. எனக்கு ஒண்ணும் ஆவல்ல. கல்லு கனம் கூடிப்போச்சு, அதுதான். இனி அந்தக் கல்லை எடுக்க மாட்டேன்."

விஷயம் இதுதான். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவுல இருக்கு எங்க வீடு. முந்தின நாள் விருந்துக்கு வந்த சொந்தக்காரங்க காலை ரயிலுக்குப் போகணும்னு அம்மா விடியக்காலத்திலேயே தோசை சுட ஆரம்பிச்சிருக்காங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல கல்லு அடுப்பை விட்டு இறங்கல. எல்லாரும் கிளம்பின பிறகு அடுப்பை அணைச்சுட்டு, ஈரத்துணியால மேலே சிந்தின மாவைத் துடைச்சிருக்காங்க. பட்டாசு வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். அடுப்பு மேல இருந்த கண்ணாடி முழுக்க கற்கண்டு மாதிரி நொறுங்கித் தரையில. 72 வயசு, வெறுங்கால், பக்கத்துல யாரும் இல்ல. காலில் ஒரு கீறல் கூட இல்லாம தப்பிச்சது எந்தச் சாமி புண்ணியமோ. ரெண்டு நாள் கழிச்சும் அரிசிப்பானைக்கு அடியில கண்ணாடித்துண்டு கிடைச்சுதாம்.

அந்த அடுப்பை வாங்கினது நான். இங்கே உட்கார்ந்துகிட்டு, படத்தைப் பார்த்து, ஆன்லைன்ல. மூணு பர்னர், கறுப்புக் கண்ணாடி, பளபளன்னு இருந்தது. அதுக்கு முன்னாடி வீட்டுல இருந்தது ரெண்டு பர்னர் ஸ்டீல் அடுப்பு. இருபது வருஷத்துக்கு மேல உழைச்சது. "நல்லாத்தானே இருக்கு, என்னத்துக்கு?"ன்னு அம்மா கேட்டதை நான் காதுல வாங்கல. பிள்ளை வெளிநாட்டுல இருக்கான்னா சமையலறையில ஒரு பளபளப்பு வேண்டாமா? அதுதான் என் நினைப்பு. வெட்கமா இருந்தாலும் ஒத்துக்கறேன்.

ஆனா இந்தப் பதிவு அடுப்பு உடைஞ்சதைப் பத்தி இல்ல. அதுக்கப்புறம் வந்த தீர்ப்பைப் பத்தி. அம்மா, மார்த்தாண்டத்துல இருக்கிற அக்கா, ரிப்பேருக்கு வந்தவர், இங்கே என் தங்கமணி, எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாங்க: "கல்லுதான் காரணம். கல்லைத் தூக்கிப் போட்டுட்டு நான்ஸ்டிக் வாங்கு."

என் கட்சி வேற. கல்லு நிரபராதி. சட்டிக்கு ஏத்த அடுப்பை வாங்கணுமே தவிர, அடுப்புக்காகச் சட்டியைத் தூக்கிப் போடக் கூடாது. ஏன்னு சொல்றேன்.

முதல்ல அந்தக் கல்லு. என் பாட்டி களியக்காவிளைச் சந்தையில வாங்கினது. அப்போ களியக்காவிளையும் பாறசாலையும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போச்சு, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துல நின்னுது. கல்லு வாங்கின சந்தை ஒரு மாநிலம், கல்லு இருக்கிற அடுக்களை வேற மாநிலம்னு ஆச்சு. கல்லுக்கு அது தெரியாது. கொதும்பும் ஓலைமடலும் எரிச்ச விறகடுப்புல இருந்தது, மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு வந்தது, கேஸுக்கு வந்தது. மூணு தலைமுறை அதுல தோசை தின்னாச்சு. 14 அங்குலம், மூணரை கிலோ. அறுபது எழுபது வருஷம் எந்த அடுப்பையும் உடைக்காத கல்லு, நான் வாங்கின அடுப்பை மட்டும் ஏன் உடைக்கணும்?

இதுக்காகக் கொஞ்சம் படிச்சேன். நான் பி.காம் காரன், பொறியாளர் இல்ல. ஆனா கடன் கொடுக்கிறவனுக்கு எதையும் தோண்டிப் பார்க்கிற புத்தி உண்டு :-)

நம்ம ஊர்ல "கிளாஸ் டாப்"னு விக்கிறது கேஸ் அடுப்புதான். தகரத்துக்கு பதில் மேல் தட்டு உறுதியாக்கின கண்ணாடி, அவ்வளவுதான். சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல சூடாக்கி, காத்தடிச்சுச் சட்டுனு குளிர வைப்பாங்க. வெளிப்பக்கம் முதல்ல இறுகிடும், உள்பக்கம் பிறகு சுருங்கி வெளிப்பக்கத்தை இழுத்துப் பிடிச்சுக்கும். அந்த இறுக்கத்தால பலம் நாலு மடங்குக்கு மேல கூடும். ஆனா ஒரு இடத்துல கட்டு விட்டுச்சுன்னா மொத்தமும் விட்டுடும். அதனாலதான் கீறல் விழாம ஒரேயடியா நொறுங்குது. நடுவுல அடி தாங்கும், ஓரத்துல பட்ட சின்ன அடி தாங்காது. ஒரு பக்கம் ரொம்பச் சூடு, பக்கத்துல குளிர்ச்சின்னாலும் சிரமம்தான்.

இப்போ 14 அங்குலக் கல்லை ஒரு சின்ன பர்னர் மேல வைங்க. தீ மேலே போக வழியில்லாம பக்கவாட்டுல பரவும். கல்லோட அடிப்பக்கம் முழுக்கச் சூடேறி, ரெண்டு மூணு அங்குலம் கீழே இருக்கிற கண்ணாடி மேல அனல் அடிச்சுக்கிட்டே இருக்கும். அடுப்பை அணைச்சாலும் இரும்பு உடனே ஆறாது, அது பாட்டுக்கு அனல் விட்டுக்கிட்டிருக்கும். அந்த நேரத்துல ஈரத்துணி பட்டா? முன்னாடி எப்பவோ ஓரத்துல ஒரு கரண்டி தட்டின வடுவும் இருந்தா? எங்க வீட்டுல இதுல எது முந்திக்கிச்சோ. ஆனா ஒண்ணு தெளிவு. ஒரு மணி நேரம் தோசை சுடுற வீட்டுக்கு அது தோதான அடுப்பு இல்ல. அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்காம வாங்கினவன் நான். பழி கல்லு மேல.

"சரி, அங்கே உன் வீட்டுலயும் கண்ணாடி அடுப்புதானே, அதுல இரும்பு வைக்கிறியே"ன்னு அக்கா மடக்கினா. நியாயமான கேள்விதான். ஆனா இது வேற கண்ணாடி.

வட அமெரிக்காவுல வாடகை வீடுகள்ல நிறைய இடத்துல இருக்கிறது மின்சார அடுப்பு. மேலே ஒரே சமதளமா, கறுப்பா இருக்கே, அது கண்ணாடி-பீங்கான். இதோட கதை சுவாரசியமானது. 1950களின் தொடக்கத்துல நியூயார்க் மாநிலத்துல கார்னிங் நிறுவனத்து விஞ்ஞானி டொனால்ட் ஸ்டூக்கி ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில சுட உலையில வச்சிருக்கார். உலை கோளாறாகி 900 டிகிரிக்குப் போயிடுச்சு. உருகிக் கொழகொழன்னு கிடக்கும்னு திறந்தா, வெள்ளையா மாறிக் கட்டியா இருந்திருக்கு. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில விழுந்தும் உடையல. அந்தத் தப்புல பிறந்ததுதான் கண்ணாடி-பீங்கான். 1958-ல கார்னிங்வேர் பாத்திரமா சந்தைக்கு வந்தது. ஜெர்மனியில ஷாட் நிறுவனம் 1970களின் தொடக்கத்துல அடுப்புத் தட்டாவே கொண்டு வந்தது.

இதோட விசேஷம், சூட்டுல கிட்டத்தட்ட நீளவே நீளாது. சாதாரண ஜன்னல் கண்ணாடி ஒரு மீட்டர் நீளத்துக்கு 100 டிகிரி சூடானா சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும். ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் நீளாம நின்னா விரிசல். இதுல நீட்சியே இல்லாததால ஒரு இடம் சிவக்கச் சூடாகி பக்கத்து இடம் ஆறிக் கிடந்தாலும் தாங்குது. அதனால இரும்புக் கல்லோட அனலுக்கு இது அஞ்ச வேண்டியதில்ல. இது அஞ்ச வேண்டியது ரெண்டுக்கு: இழுக்கிறதுக்கும், போடுறதுக்கும்.

இங்கே வந்த புதுசுல அபார்ட்மென்ட் மேற்பார்வையாளர் என் கல்லைப் பார்த்ததும் "இது வேண்டாம், அடுப்பு உடைஞ்சா செலவு உங்களோடது"ன்னு சொல்லிட்டார். பயந்துபோய் மூணு வருஷம் நான்ஸ்டிக்தான். வருஷம் ஒரு தவா. வாங்கும்போது வழுக்கும், ஆறு மாசத்துல ஒட்டும், ஒரு வருஷத்துல குப்பைக்குப் போகும். எங்க பாஷையில சொன்னா, முதல் நாள்லேர்ந்தே தேய்மானம் ஓடுற சொத்து. இரும்புக் கல்லு நேரெதிர். புழங்கப் புழங்க மதிப்பு ஏறும். அப்படிப்பட்ட ஒரே சமையல் சாமானை அட்டைப்பெட்டியில வச்சுட்டு, வருஷா வருஷம் புதுசுக்குப் பணம் கட்டிக்கிட்டிருந்தேன். நல்ல வங்கிக்காரன் போங்க!

இரும்பு தேய்ச்சுக் கண்ணாடியில கீறல் விழும்னு எல்லாரும் சொல்வாங்க. பாதி உண்மை. இரும்பு அந்தக் கண்ணாடியை விட மெதுவான பொருள்தான். கீறுறது பெரும்பாலும் நடுவுல மாட்டிக்கிற மணல்துகள். மணல் கண்ணாடியை விடக் கடினம். வார்ப்புக் கல்லோட அடி சொரசொரப்பா இருக்கிறதால மணலும் கரியும் அதுல ஒளிஞ்சுக்கும். தள்ளி இழுத்தா உப்புத்தாள் தேய்ச்ச மாதிரி. 1896-லேர்ந்து டென்னசியில இரும்பு வார்க்கிற லாட்ஜ் நிறுவனமே தங்கள் பாத்திரத்தைக் கண்ணாடி அடுப்புல வைக்கலாம், ஆனா இழுக்காதே, தூக்கி வைன்னுதான் சொல்லுது.

ஆறு வருஷமா இந்த அடுப்புல இரும்புக் கல்லு வச்சுக்கிட்டிருக்கேன். நான் கடைப்பிடிக்கிறது:

1. தூக்கித்தான் வைக்கணும், தூக்கித்தான் எடுக்கணும். தோசை திருப்பும்போதும் கல்லு நகரக் கூடாது.

2. வைக்கிறதுக்கு முன்னாடி கல்லோட அடியையும் அடுப்பையும் ஒரு துடைப்பு. பத்து விநாடி வேலை.

3. அடி தட்டையா இருக்கணும். ஒரு ஸ்கேலைக் குறுக்கே வச்சுப் பாருங்க. நடுவுல குழிஞ்சோ பிதுங்கியோ இருந்தா தோசை ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் வேகாது.

4. பர்னர் வட்டத்தை விடக் கல்லு ஒரு அங்குலத்துக்கு மேல பெருசா வேண்டாம். அலுமினியம் இரும்பை விட ஏறத்தாழ 4 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். இரும்புல ஓரத்துக்குச் சூடு போய்ச் சேர நேரம் எடுக்கும். அதனால அம்மாவோட 14 அங்குலம் இங்கே ஆகாது. என்கிட்ட இருக்கிறது 10 அங்குலம்.

5. குறைஞ்ச சூட்டுல எட்டு பத்து நிமிஷம் காய விடணும். எடுத்த எடுப்புல முழுச் சூடு வச்சா கல்லே விரிசல் விடலாம். இந்த அடுப்பு சிவந்து சிவந்து அணையுமே, அது கண்ணாடியைக் காப்பாத்த தானா விட்டு விட்டு எரியறது. மெல்லிய தவாவுல அந்த ஏற்ற இறக்கம் தோசையில தெரியும். இரும்பு சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிறதால தெரியாது. இந்த அடுப்புக்கு நிஜமான ஜோடி இரும்புதான்னு சொல்றது இதனாலதான்.

6. சர்க்கரைப் பாகு, வெல்லப் பாகு பொங்கி வழிய விடாதீங்க. கண்ணாடியில ஒட்டி ஆறினா, எடுக்கும்போது கண்ணாடியையும் சேர்த்துப் பெயர்த்துக்கிட்டு வரும். பாயசம் வைக்கிற நாள்ல அடுப்பு பக்கத்துலேயே நில்லுங்க.

இண்டக்‌ஷன் அடுப்புக்கும் இதே விதிதான். இரும்பு காந்தத்துக்குப் பிடிக்கும்கிறதால அதுல இன்னும் நல்லாவே வேலை செய்யும். முழு வேகத்துல ஆரம்பிக்காம இருந்தா போதும்.

முடியாததும் உண்டு. அடி உருண்ட சீனச்சட்டியும் ஆப்பச்சட்டியும் இந்த அடுப்புல நிக்காது. தீயலுக்குத் தேங்காய் வறுக்க சீனச்சட்டி மாதிரி எதுவும் வராது. இங்கே தட்டையான இரும்புச் சட்டியில வறுத்து, புளி விட்டுக் கொதிக்க வைக்கிறதை வேற பாத்திரத்துக்கு மாத்திக்கிறேன். புளி இரும்புல ரொம்ப நேரம் கிடந்தா குழம்பு கறுத்து இரும்பு ருசி வந்துடும், பழக்கின பூச்சும் போயிடும். இரும்புச் சட்டியில சமைச்சா சாப்பாட்டுல இரும்புச்சத்து ஏறும்கிறதும் நிஜம்தான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி நம்ம நாட்டுல 15-லேர்ந்து 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தோசைக்கல்லு அதுக்கு மருந்துன்னு சொல்ல வரல. ஆனா தூக்கிப் போடச் சொல்றவங்க இதையும் கணக்குல வைக்கணும்.

இப்போ எதிர்க்கட்சியோட பலமான வாதம். அக்கா சொன்னா: "லேய், நீ சயின்ஸ் பேசு. அம்மைக்கு மூட்டு வலி. மூணரை கிலோவை அவங்க எப்படித் தூக்குவாங்க?"

இதுக்கு என்கிட்ட சட்டுனு பதில் இல்ல. தவா ஒரு கிலோ கூட வராது. யோசிச்சா அவ சொல்றதுதான் சரியோன்னு பட்டுது. அப்புறம் அம்மாகிட்டயே கேட்டேன், "கல்லை எப்படிம்மா தூக்குறீங்க?"

"நான் எங்க தூக்குனேன்? பழைய அடுப்புல அது பாட்டுக்கு அங்கேயே கிடக்கும். உன் கண்ணாடி அடுப்புலதான், கண்ணாடியைத் துடைக்கணும், அழகா வைக்கணும்னு தினம் இறக்கி இறக்கி வச்சேன்."

அவ்வளவுதான். எனக்குப் பேச்சே வரல. அடுப்பு பளபளன்னு இருக்கணும்கிறதுக்காக 72 வயசுல அம்மா தினம் மூணரை கிலோவைத் தூக்கிக்கிட்டிருந்திருக்காங்க. அதுவும் நான் போன்ல "அடுப்பைக் காட்டுங்க"ன்னு கேட்பேனேன்னு!

மறுவாரம் அம்மாவை கடைக்குப் போகச் சொன்னேன். ஆன்லைன் வேண்டாம், நீங்களே பாருங்கன்னேன். அவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? கல்லைச் சாக்குல சுத்தி, பக்கத்து வீட்டுப் பையனைத் தூக்கச் சொல்லி ஆட்டோவுல வச்சுக் கொண்டு போயிருக்காங்க. கடையில ஒவ்வொரு அடுப்பு மேலயும் அதை வச்சுப் பார்த்திருக்காங்க. ஆடுதா, சாயுதா, பக்கத்து பர்னர்ல பானை வைக்க இடம் இருக்கா. கடைக்காரர் சிரிச்சாராம். அம்மா சிரிக்கல. கடைசியில ஸ்டீல் மேல்தட்டு, ரெண்டு பர்னருக்கும் நடுவுல நல்ல இடைவெளி, கனத்த தாங்கி, ஐ.எஸ்.ஐ முத்திரை. நான் வாங்கினதுல பாதி விலை.

வங்கியில கடன் கொடுக்கும்போது இடத்தைப் போய்ப் பார்க்காம கையெழுத்துப் போடாதேன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அம்மா அடுக்களை விஷயத்துல மட்டும் படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். புதுக் கல்லைப் பக்குவப்படுத்துறதுக்குத் தமிழ்ல "பழக்குறது"ன்னு சொல்வோம். மலையாளத்துல "மயக்குறது"ம்பாங்க. எங்க ஊர்ல ரெண்டும் சொல்வோம். கஞ்சித்தண்ணியில ஊற வச்சு, எண்ணெய் தடவிக் காய வச்சு, வெங்காயம் தேய்ச்சு, மறுபடி எண்ணெய். சூட்டுல எண்ணெய் மெல்லிய தோலா இறுகி இரும்போட ஒட்டிக்கும். அதுக்கு தினம் புழக்கம் வேணும். நம்ம ஊர் வங்கியில ரெண்டு வருஷம் வரவு செலவு இல்லைன்னா கணக்கு செயல்படாததுன்னு ஆயிடும். பத்து வருஷம் ஆனா பணம் ரிசர்வ் வங்கியோட நிதிக்குப் போயிடும். 2014-லேர்ந்து அந்த ஏற்பாடு இருக்கு. ஆனா உரியவங்க வந்து கேட்டா திரும்பக் கிடைக்கும். இரும்பும் அப்படித்தான். போட்டு வச்சா துருப்பிடிக்கும். தேய்ச்சுக் கழுவி, எண்ணெய் வச்சு, மறுபடி பழக்கினா திரும்பி வரும்.

உங்க வீட்டுப் பரண்ல அப்படி ஒரு கல்லு கிடந்தா எடுத்து வெளியே வைங்க. அடுத்த தடவை அம்மாவுக்கு அடுப்பு வாங்கணும்னா, அதுல என்ன வச்சுச் சமைக்கிறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க.

நேத்து வீடியோவுல பேசினப்ப அம்மா பின்னாடி புது அடுப்பு தெரிஞ்சுது. மேலே கல்லு. இறக்கல. ரசவடைக்குப் பக்கத்துல தோசை அடுக்கி வச்சிருந்தாங்க. அடுப்பு மேல மாவு சிந்திக் கிடந்தது. நான் ஒண்ணும் சொல்லல.